பழி முழுக்க முட்டைக்கோஸ் மேல்

அக்கா மகன் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி பிரேயரில் வலிப்பு வந்து விழுந்தான். திருமங்கலம் பக்கம் ஊர். வழக்கம்போல யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். (இரும்பால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருங்கள்.) மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். மூளையில் சின்னக் கட்டி, நாடாப்புழுவின் இளம்பருவம் என்றார் டாக்டர். அவன் அப்பத்தா நம்பவே இல்லை. “நம்ம வீட்டுக்குள்ள பன்னிக்கறி வந்ததே இல்லையே சாமி!”

வர வேண்டியதே இல்லையாம். அரைவேக்காட்டுப் பன்றிக்கறி தின்றவரின் குடலில்தான் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போகிற விஷயம் வேறு. அவர் மலத்தில் வெளியேறும் முட்டை மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து காய்கறியில் ஒட்டும். அவர் கை கழுவாமல் சமைத்தாலும் பரவும். அதை விழுங்கியவர் சுத்த சைவமாக இருந்தாலும் அந்த முட்டை அவர் குடலில் பொரிந்து, புழு ரத்தத்தோடு மூளை வரை போய்விடலாம்.

கோஸில் இருக்கிற புழுதான் மூளைக்குப் போய்விட்டது என்று அன்று முதல் அக்கா வீட்டில் முட்டைக்கோஸுக்குத் தடை. எனக்கு இதில்தான் சண்டை. கோஸுக்குள் நெளிகிற பச்சைப் புழு அந்துப்பூச்சியின் புழு, அதற்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை. நாடாப்புழு முட்டையோ கண்ணுக்கே தெரியாது. அதோடு கோஸைப் பொரியலாக வேக வைத்துத்தானே தின்கிறோம்? அதே வீட்டில் ரசத்தை இறக்கிய பிறகு தூவும் மல்லித்தழை, கேரட் கோசுமல்லி, பஸ்ஸில் வாங்கித் தோலோடு கடிக்கிற வெள்ளரிப்பிஞ்சு, இதையெல்லாம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஒன்று மட்டும்: இந்த நோய்க்குப் புழு மாத்திரையை மெடிக்கலில் தானாக வாங்கிப் போடாதீர்கள். புழு சாகும்போது மூளையில் வீக்கம் கூடும். அதை அடக்கவும் சேர்த்து மருந்து தருவார்கள்.

– – –

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறேன் அண்ணே. மல்லிக்கட்டு வேர் மண்ணோடுதான் வந்து இறங்கும். வெயிலுக்கு வாடாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்போம், ஈரச்சாக்கு போட்டு மூடுவோம். எல்லாக் கடையிலும் அது நல்ல தண்ணீர் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. வீட்டுக்குப் போனதும் வேரை நறுக்கிப் போட்டுவிட்டு, கட்டைப் பிரித்து அலசுங்கள். கட்டோடு முக்கி எடுத்தால் நடுவில் மண் அப்படியே இருக்கும்.

– – –

நான் லேபில் வேலை பார்க்கிறேன். உப்பு, மஞ்சள், வினிகர் எதை நம்பியும் ஊற வைக்காதீர்கள், புழு முட்டை அதற்குச் சாகாது. உருண்டைப்புழு முட்டை குளோரினையே தாங்கும். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போகும். மிச்சத்தைக் கொல்வது கொதிதான். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஒட்டிப் பள்ளியில் தரும் 400 மி.கி. அல்பெண்டசோலைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள். ஆனால் அது குடலில் இருக்கும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு வகைகளுக்கு. நாடாப்புழுவுக்கு வைத்தியம் தனி.

– – –

அப்போ கேரட்டைத் தோல் சீவினால் போதும்தானே?

– – –

கழுவிவிட்டுச் சீவுங்கள் அக்கா. இல்லையென்றால் தோலில் இருந்த மண் கத்தி வழியாக உள்ளே வந்துவிடும். சீவின பிறகு இன்னொரு அலசு.