டாக்கில் மாட்டிய எல்லாம் ஒரே நேரத்தில் போய், மூன்று விநாடியில் திரும்பி வருகிறது

இரவுப்பணி:
வணக்கம். ஒரு வாரமாக மண்டை காய்கிறது, யாராவது வழி சொல்லுங்கள். லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி-சி டாக் (எல்லாவற்றையும் ஒரே வயரில் லேப்டாப்போடு சேர்க்கும் பெட்டி) மாட்டியிருக்கிறேன். அதில் இரண்டு மானிட்டர் (ஒன்று 4கே, டிஸ்ப்ளேபோர்ட்டில், இன்னொன்று சாதாரண 1080, ஹெச்டிஎம்ஐயில்), கீபோர்டு, வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர், லேன் கேபிள், பேக்கப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். சார்ஜும் அந்த ஒரே வயரில்தான் வருகிறது. மூன்று மாதம் பெரிதாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன வாரத்திலிருந்து, முக்கியமாக வீடியோ மீட்டிங் நடக்கும்போது, திடீரென்று இரண்டு மானிட்டரும் கறுத்துப் போகின்றன, யூஎஸ்பி கழற்றினால் வருமே அந்த 'டுடுங்' சத்தம் வருகிறது, மூன்று நான்கு விநாடியில் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது, ஆனால் அதற்குள் திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் லேப்டாப் திரையில் வந்து குவிந்து கிடக்கும், ஹார்ட் டிஸ்க்கை முறையாகக் கழற்றவில்லை என்று ஒரு எச்சரிக்கையும் வரும். நேற்று மட்டும் ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை.

விண்டோஸ் 11. டிரைவர் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று, டாக்கின் ஃபர்ம்வேரையும் (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றியாயிற்று, ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணிக் கை வலிக்கிறது. நான் எதையும் மாற்றவில்லை. டாக் செத்துவிட்டதா?

பழையபொட்டி:
டாக் என்பதே தலைவலி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். நான் அப்படித்தான் இருக்கிறேன்.

இரவுப்பணி:
லேப்டாப்பில் இருப்பதே இரண்டு ஓட்டைதான் ஐயா. எங்கே போய்த் தனித்தனியாக மாட்டுவது?

சின்னத்திரை:
பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், வேலையில்லாத யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைப்பது, அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் டாக்கின் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதையும் எடுத்துவிடுங்கள். எனக்கு இதில்தான் சரியானது.

கம்பிக்காரன்:
சின்னத்திரை சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் இந்தக் கேஸுக்கு அது மருந்து இல்லை என்று நினைக்கிறேன். செலக்டிவ் சஸ்பெண்டால் கீபோர்டு தூங்கும், நெட் போகும், மானிட்டர் போகாது. படம் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலாக அதே வயரில் தனிப் பாதையில் போகிறது, யூஎஸ்பியின் தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. (டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் என்றால் கதை வேறு, அதில் படமும் யூஎஸ்பி டேட்டாவாகத்தான் போகும். அந்த டாக்குக்குத் தனியாக டிரைவர் போட்டிருப்பீர்கள், நினைவிருக்கும்.)

டாக் விஷயத்தில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எதெல்லாம் சேர்ந்து போகிறது? மானிட்டர் மட்டும் போனால் வீடியோ கேபிளையோ ரெசல்யூஷனையோ பார்க்க வேண்டும். நெட்டும் கீபோர்டும் மட்டும் போனால் பவர் சேமிப்பு, டிரைவர் பக்கம். எல்லாம் ஒன்றாகப் போனால், டாக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரே வயர், அதன் இரண்டு முனை, அல்லது டாக்கின் பவர் அடாப்டர்.

நீங்கள் சொல்லாமல் விட்டது சார்ஜ். அடுத்த தடவை போகும்போது மானிட்டரைப் பார்க்காதீர்கள், லேப்டாப்பின் பேட்டரி ஐகானைப் பாருங்கள். சார்ஜும் சேர்ந்து போகிறதா இல்லையா என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி:
டிஸ்ப்ளேலிங்க் இல்லை, டிரைவர் எதுவும் போடாமலேயே படம் வந்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மேசைமேல்பூனை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மேக்கில் டாக் போட்டால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வருகிறது, தனித்தனியாக வரவே மாட்டேன் என்கிறது. எம்1 ஏர். இதுவும் கேபிள்தானா?

கம்பிக்காரன்:
இல்லை பூனையாரே, உங்கள் கேபிள் நிரபராதி. ஒரே டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பை இரண்டு மானிட்டருக்குப் பிரித்துக் கொடுக்கும் எம்எஸ்டி என்ற முறையை மேக்ஓஎஸ் தனித்தனித் திரைகளாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால்தான் இரண்டிலும் ஒரே படம். அதுபோக அந்த எம்1 சிப்பே வெளியில் ஒரு மானிட்டருக்குமேல் தராது. இரண்டு வேண்டும் என்றால் டிஸ்ப்ளேலிங்க் உள்ள டாக் ஒரு வழி, அதற்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கேட்கும், பயப்படாமல் கொடுங்கள். மேற்கொண்டு சந்தேகம் என்றால் தனி இழை போடுங்கள், இவர் பாவம்.

இரவுப்பணி:
பார்த்துவிட்டேன். சார்ஜும் போகிறது! மானிட்டர் கறுக்கும் அதே நொடியில் லேப்டாப்பின் சொந்தத் திரையும் கொஞ்சம் மங்கி மறுபடி பளிச்சென்று வருகிறது, இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை. பேட்டரி ஐகானில் இருந்த பிளக் படம் மறைந்து திரும்ப வருகிறது. சின்னத்திரை சொன்ன டிக் எல்லாவற்றையும்கூட எடுத்துப் பார்த்தேன், அப்புறமும் மூன்று தடவை போனது.

கம்பிக்காரன்:
அப்படியென்றால் டிரைவரை மறந்துவிடுங்கள். யூஎஸ்பி-சி வாயில் 24 தொடர்பு முனைகள் இருக்கின்றன, அதில் சிசி என்ற முனைதான் 'ஏதோ மாட்டியிருக்கிறது' என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்வது. எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர், படம் அனுப்பலாமா என்ற பேரம் எல்லாம் அதில்தான் நடக்கும். அது ஒரு கணம் விட்டுப்போனாலும் வயரைக் கழற்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு டாக் மின்சாரத்தை நிறுத்திவிடும், பிறகு பேரம் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் மூன்று நான்கு விநாடி அதுதான்.

லேப்டாப் பக்கப் பிளக்கை விரல் நுனியால் மேலும் கீழும் லேசாக, சும்மா தொடுகிற அளவுக்கு, அசைத்துப் பாருங்கள். போகிறதா? லேப்டாப்பை அணைத்துவிட்டு வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பையில் போட்டு எடுத்துப் போகிறவர்களுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டு பிளக் முழுதாக உட்காராது. மரப் பல்குச்சியால் எடுக்கலாம், ஊசி வேண்டாம். டாக்கின் அடாப்டர் அதனுடன் வந்ததுதானா? கேபிள் டாக்கோடு ஒட்டியதா, கழற்றி மாட்டுவதா? அப்புறம், 'எதையும் மாற்றவில்லை' என்றீர்கள். மேசையை நகர்த்தினேன், ஸ்டாண்டு வாங்கினேன், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
அடாப்டர் அதனுடன் வந்ததுதான். வாய் சுத்தமாக இருக்கிறது. கேபிள் டாக்கோடு ஒட்டியது, கழற்ற முடியாது. பிளக்கைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை.

மாற்றம் என்று பார்த்தால்... கழுத்து வலிக்கிறதென்று லேப்டாப்புக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கினேன். உயரத்தில் வைத்ததால் டாக்கின் வயர் எட்டவில்லை, அதனால் நடுவில் ஒரு அரை மீட்டர் யூஎஸ்பி-சி எக்ஸ்டென்ஷன் போட்டேன். ஆனால் அது போட்டு இரண்டு வாரம் ஆகிறது, முதல் வாரம் நன்றாகத்தானே ஓடியது? அதனால்தான் சொல்லவில்லை.

சின்னத்திரை:
😂😂 'எதையும் மாற்றவில்லை'

கம்பிக்காரன்:
சிரிக்காதீர்கள், இது எல்லோரும் செய்வதுதான். நானும் ஒரு காலத்தில் இரண்டை ஒன்றோடு ஒன்று மாட்டி வைத்திருந்தேன்.

யூஎஸ்பி-சியின் விதிமுறையில் எக்ஸ்டென்ஷன் கேபிள் என்ற ஒன்றே கிடையாது. விற்கிறார்கள், சிலருக்கு வேலையும் செய்கிறது, ஆனால் விதிப்படி அப்படி ஒன்று இல்லை. டாக்கோடு ஒட்டிய வயர் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பது டாக்குக்குத் தெரியும், நடுவில் நீங்கள் செருகியது தெரியாது. உங்கள் டாக் லேப்டாப்புக்கு எவ்வளவு வாட் தருகிறது? 90 என்றால் 20 வோல்ட்டில் 4.5 ஆம்பியர். சாதாரண யூஎஸ்பி-சி வயர் 3 ஆம்பியருக்குத்தான், அதாவது 60 வாட். தனி கேபிள் என்றால் 3 ஆம்பியருக்குமேல் தாங்கும் என்று சொல்ல அதற்குள் ஒரு சிப் இருக்கும், அது இல்லாவிட்டால் மின்சாரம் தரும் பக்கம் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் அமைப்பில் அந்தக் காவலே இல்லை, டாக் தன் சொந்த வயர் என்று நம்பி 4.5-ஐயும் அனுப்புகிறது.

வேகமும் அப்படித்தான். விநாடிக்கு 10 கிகாபிட் ஓடும் யூஎஸ்பிக்கு உள்ளே மின்னணு எதுவும் இல்லாத வயர் ஏறக்குறைய ஒரு மீட்டர்வரைதான் நம்பகம். உங்களுக்கு டாக்கின் வயர், அதன்மேல் அரை மீட்டர், நடுவில் கூடுதலாக ஒரு ஜோடி முனை.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு மீட்டிங் அரை மணி நேரம் ஓடிய பிறகு அந்த இரண்டு வயரும் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள்.

இரவுப்பணி:
டாக்கின் அடியில் 90 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. தொட்டேன், உடனே விரலை எடுத்துவிட்டேன். சுடுகிறது. கழற்றிப் பார்த்தால் எக்ஸ்டென்ஷனின் வாயில் உள்ளிருக்கும் அந்த மெல்லிய நாக்கு ஒரு ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறது. பயமாகிவிட்டது.

கம்பிக்காரன்:
தூக்கிப் போடுங்கள், இனி ஒரு நிமிடம்கூட மாட்ட வேண்டாம். முக்கியமாக மீட்டிங்கில் போனதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். கேமரா, வீடியோ, இரண்டு மானிட்டர், கூடவே பேட்டரி ஏறுவது என்று லேப்டாப் அப்போதுதான் அதிகம் இழுக்கிறது, முனை சூடாகி விட்டுவிட்டுத் தொடுகிறது. சூடு பட்ட முனை அப்புறம் இன்னும் மோசமாகும், அதனால்தான் முதல் வாரம் ஓடியது, இரண்டாம் வாரம் படுத்துவிட்டது. டாக்கின் பிளக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், அதில் கருகல் இல்லை என்றால் தப்பித்தீர்கள். கருகல் இருந்தால் டாக்கையும் மாட்டாதீர்கள்.

டாக்கை ஸ்டாண்டுக்குப் பின்னால் உயரத்தில் ஏற்றிவிடுங்கள். நீட்ட வேண்டும் என்றால் மானிட்டர் வயரையும் லேன் வயரையும் நீட்டுங்கள்.

இரவுப்பணி:
பிளக் பளபளவென்று இருக்கிறது. ஒரு அட்டைப்பெட்டிமேல் டாக்கை ஏற்றி நேரடியாக மாட்டியிருக்கிறேன். நேற்று மாலையிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை, இன்று இரண்டு மணி நேர மீட்டிங்கும் ஓடியது.

மூன்று சில்லறைச் சந்தேகம். லேப்டாப் தூங்கி எழுந்தால் சில நேரம் லேன் மட்டும் வருவதில்லை. 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸுக்குமேல் (விநாடிக்கு 30 தடவை படம் புதுப்பிப்பது) போக மாட்டேன் என்கிறது. மவுஸ் அடிக்கடி துள்ளுகிறது. இவை எல்லாம் எக்ஸ்டென்ஷன் போடுவதற்கு முன்பும் இருந்தவை.

சின்னத்திரை:
லேனுக்கு நான் சொன்ன டிக் இப்போது உதவும், அதைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். அதற்கும் மசியாவிட்டால் டாக்கை லேப்டாப்பிலிருந்தும் கரண்டிலிருந்தும் கழற்றி அரை நிமிடம் விட்டுவிட்டு மாட்டுங்கள். லேப்டாப்பை ஷட்டவுன் செய்தாலும் டாக் விழித்துக்கொண்டேதான் இருக்கும், அதன் மண்டைக்குள் சிக்கியது ரீஸ்டார்ட்டில் போகாது.

கம்பிக்காரன்:
30 ஹெர்ட்ஸ் கோளாறு இல்லை, கணக்கு. யூஎஸ்பி-சியில் வேகமான பாதை நான்கு. படத்துக்கு இரண்டு, யூஎஸ்பி டேட்டாவுக்கு இரண்டு என்று டாக் பிரித்துக்கொள்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் பாதைக்கு 5.4 கிகாபிட், இரண்டு சேர்த்து 10.8, அதில் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டுக்கே போய்விடும், கையில் மிஞ்சுவது 8.64. 4கே 60 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 12.5 வேண்டும். அதனால் 30. சில டாக்குகளில் நான்கு பாதையையும் படத்துக்கே கொடுக்க ஒரு செட்டிங் இருக்கும், ஆனால் அப்போது யூஎஸ்பி 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், உங்கள் பேக்கப் நடை நடையாய் நடக்கும். எது முக்கியமோ அதைப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸில் நாள் முழுக்க வேலை செய்ய என்னால் முடியாது, கர்சர் இழுத்துக்கொண்டே வருவது போலிருக்கும்.

மவுஸுக்கு: ரிசீவரை ஹார்ட் டிஸ்க் மாட்டிய துளைக்குப் பக்கத்துத் துளையில் வைத்திருக்கிறீர்களா? யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும், மவுஸும் அதே அலைவரிசைதான். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து அறிக்கை போட்டது. ரிசீவரைத் தள்ளி வையுங்கள். இதற்கு மட்டும் ஒரு பழைய யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளலாம், அது தப்பில்லை.

ஹார்ட் டிஸ்க்கை மறக்க வேண்டாம். அத்தனை தடவை பாதியில் அறுந்திருக்கிறது, ஒரு தடவை பிழை சரிபார்த்துவிட்டு, பேக்கப்பிலிருந்து நாலைந்து கோப்பைத் திறந்தும் பாருங்கள்.

நிலாமுற்றம்:
பிற்காலத்தில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விசித்திரம். எனக்கு மானிட்டர் மட்டும் போகும், சார்ஜ் போகாது, அதுவும் நான் நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். கேஸ் லிஃப்ட் நாற்காலியில் (வாயுத் தண்டால் உயரம் ஏற்றி இறக்கும் நாற்காலி) உட்கார்ந்து எழும்போது எழும் மின் துடிப்பை மட்டமான வீடியோ கேபிள் வாங்கிக்கொள்கிறதாம், டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறது. அந்தத் துடிப்பைத் தடுக்கும் நல்ல உறை போட்ட ஹெச்டிஎம்ஐ கேபிள் மாற்றினேன், நின்றது.

இரவுப்பணி:
நாற்காலியா!! நல்லவேளை, எனக்கு அது இல்லை.

ரிசீவரைத் தள்ளி வைத்தேன், துள்ளல் நின்றது. லேன் இன்று காலை தூங்கி எழுந்ததும் வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு கோப்பு திறக்கவில்லை, மூலம் லேப்டாப்பில் இருந்ததால் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். 30 ஹெர்ட்ஸோடு வாழ்ந்துகொள்கிறேன்.

கம்பிக்காரன்:
அந்த எக்ஸ்டென்ஷன் எங்கே இருக்கிறது?

இரவுப்பணி:
டிராயரில்.

கம்பிக்காரன்:
ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ வயர் தேடும்போது அதுதான் முதலில் கையில் கிடைக்கும். கத்தரிக்கோல் எடுங்கள்.

இரவுப்பணி:
வெட்டியாயிற்று.