பச்சை குத்திக்கொண்டவர்களும் கையை இழுத்துக்கொண்டவர்களும்: உங்கள் அனுபவம் என்ன?

ரங்கூன் பெரியவர்:

பேரனுக்கு 19 வயது. முன்கையில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு மாதமாக வீட்டில் ரகளை. மருமகள் "தாத்தா சொன்னால் சரி" என்று என் தலையில் கட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் என் அம்மாவின் கை.

அம்மா 1947-ல் மதராசில் பர்மாவுக்குக் கப்பல் ஏறும் முன், ஊரில் ஒரு குறத்தியிடம் குத்திக்கொண்டாள். அகத்திக்கீரையையும் மஞ்சளையும் துணியில் தேய்த்துத் திரியாக்கி, விளக்கில் எரித்த கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்தினாளாம். மணிக்கட்டுக்கு மேலே ஒரு புள்ளிக் கோலம், அதன்கீழ் அப்பாவின் பெயர், நாலே எழுத்து. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது, கையில் எழுதிக்கொள்ளலாம். இந்தச் சட்டம் யார் போட்டதோ!

1964-ல் கடைகளை எல்லாம் பர்மா அரசு எடுத்துக்கொண்ட சமயம். நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருந்துவிட்டோம், அப்பா படுக்கையில். ஏதோ காகிதம் பதிய அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு எட்டு வயது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பர்மாக்காரர் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா பேசாமல் இடது கையை நீட்டினாள். ரேகை பார்க்கச் சொல்கிறாளோ என்று அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அம்மா தலையாட்டிவிட்டுக் கையைத் திருப்பி மறுபடி நீட்டினாள். கடைசியில் நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அப்பா பெயரை அப்படிச் சத்தமாக நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று நினைத்தேன். அவர் பர்மிய எழுத்தில் எழுதிக்கொண்டார். அடையாளக் குறி என்ற கட்டத்திலும் அதே கைதான் போயிற்று.

1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, பல வருடம் அலைந்து அம்மாவுக்குக் கிடைத்தது குடியுரிமை பெற்றவர்களுக்கான பச்சை நிற அட்டை. "பச்சைக்குப் பச்சை சரியாப் போச்சு" என்பாள்.

இனி நீங்கள் சொல்லுங்கள்.

தட்டோன் பேத்தி:

எங்கள் தாத்தா வயல் வேலைக்கு வந்தவர். கூட வேலை செய்த பர்மாக்காரர்கள் அத்தனை பேருக்கும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீலமாகக் குத்தியிருக்குமாம். தூரத்திலிருந்து பார்த்தால் அரைக்கால் சட்டை போட்டதுபோல இருக்கும். லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி வயலில் இறங்கும்போது தாத்தாவின் வெறும் தொடையைப் பார்த்துப் பொம்பளைத் தொடை என்று கேலி செய்வார்கள். ரோஷம் வந்து, பச்சை குத்தும் ஒரு ஷான் இனத்துச் சயாவிடம் (குருவிடம்) போய்ப் படுத்தார். இரண்டடி நீளப் பித்தளைக் கோல், நுனி பேனா முள்போல இரண்டாகப் பிளந்திருக்கும். வலி தெரியாமலிருக்க அபின் கொடுத்தார்கள் என்று பாட்டி ரகசியமாகச் சொன்னாள். ஒரு தொடையோடு எழுந்து ஓடி வந்துவிட்டார்! சாகும்வரை வலது தொடையில் புலி, இடது தொடை வெறுமை.

மாமா கதை வேறு. அவர் பாம்புக்கென்று மந்திரம் சொல்லி மணிக்கட்டில் கட்டம் குத்திக்கொண்டவர். அறுவடையில் கண்ணாடி விரியன் கடித்தது, அதுவும் காலில். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டுப் பிழைத்தார். ஊசிதான் காப்பாற்றியது என்று நான் சொன்னால், "ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்தது எது?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது?

பெகு வாத்தியார்:

மேலே சொன்ன மாமாவுக்குத் துணையாக ஒரு சேனையே உண்டு. 1930 டிசம்பரில் தரவாடியில் சயா சான் தொடங்கிய விவசாயிகள் கலகத்தில் கருடனைக் குத்திக்கொண்டு, துப்பாக்கிக் குண்டு நம்மைத் துளைக்காது என்று நம்பித்தான் போனார்கள். வெள்ளைக்காரன் நாகம், நாம் கருடன் என்று கணக்கு. வரியும் கடனும் கழுத்தை நெரித்த காலம்; வேறு என்ன கவசம் இருந்தது அவர்களிடம்? குண்டு துளைத்தது. சயா சானை 1931 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கடனில் நம் செட்டியார்கள் கொடுத்ததும் உண்டு என்பதால், இதைப் பாடம் நடத்தும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

மோல்மேன் தம்பி:

நான் குத்திக்கொண்டது 2019-ல். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் முருகனுக்கு என்று நேர்ந்துகொண்டு வலது கையில் மயில். வேலும் சேர்த்துப் போட்டால் இன்னும் 20 ஆயிரம் கியாட் என்றார் கடைக்காரர். மயில் போதும் என்று மிச்சம் பிடித்தேன். அங்கேதான் விதி சிரித்தது.

2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இங்கே மயில் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஆங் சான் சூ ச்சி கட்சியான தேசிய ஜனநாயக லீக்கின் சிவப்புக் கொடியில் இருப்பது அதுதானே. ரங்கூனுக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். போனை வாங்கிப் பார்த்தார்கள். அப்புறம் சட்டைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். ராணுவ எதிர்ப்புச் சின்னமான மூன்று விரலைக் குத்தியிருந்ததற்காகப் பையன்கள் பிடிபட்ட கதைகள் கேட்டிருந்ததால் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"என்ன இது?"

"ஹிந்து ஃபயா" என்றேன், அதாவது ஹிந்து சாமி.

"ஃபயா எங்கே? பறவைதானே இருக்கிறது?"

நியாயமான கேள்வி. பர்ஸில் அம்மா வைத்திருந்த சிறிய முருகன் படத்தை எடுத்துக் காட்டினேன். அந்த ஆள் படத்தை என் கைப்பக்கத்தில் வைத்துத் தோகையைத் தோகையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். கொண்டை, கழுத்து, எல்லாம். பஸ் முழுக்க மூச்சு விடவில்லை. "உங்கள் சாமி உட்காராத நேரத்து மயிலா?" என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னான். திரும்பி வந்ததும் முதல் வேலையாக வேலைச் சேர்த்துக் குத்திக்கொண்டேன். விலை இரண்டு மடங்கு.

கோயில் வீட்டுக்காரர்:

நான் குத்தாத கட்சி. வருடா வருடம் அலகு குத்துகிறேன், தீ மிதிக்கிறேன். பையன்கள் "மாமா, உங்களுக்கா ஊசி பயம்?" என்கிறார்கள். அலகுத் துளை ஒரு வாரத்தில் தூர்ந்துபோகும். அது அம்மனோடு முடிந்த கணக்கு. தொடையில் சாமியைக் குத்திக்கொண்டு கக்கூசுக்கும் போவது எனக்குச் சரிப்படாது. பர்மாக்காரர்களுக்கும் இந்தக் கூச்சம் நிறையவே உண்டு. 2014-ல் காலில் புத்தரைக் குத்தியிருந்த ஒரு கனடாக்காரரை நாட்டை விட்டே அனுப்பவில்லையா?

நர்ஸ் அக்கா:

சாமி, அரசியல் எல்லாம் இருக்கட்டும். பெரியவர் பேரனே, மை ஊற்றும் குட்டி மூடியைப் பார். போன ஆளுக்கு ஊற்றிய மிச்சத்திலேயே உனக்கும் தோய்த்தால் எழுந்து வந்துவிடு. என் தம்பியோடு ஒரு கடைக்குப் போனபோது என் கண்ணால் பார்த்தேன், ஊசி புதிது, மை பழசு. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம் உயிரோடு இருக்கும். 2015 கணக்கெடுப்பில் நம் நாட்டில் நூறு பேரில் ஆறேழு பேருக்கு அது இருந்தது. முதலில் தடுப்பூசி போடு, அப்புறம் கோலம் போடு.

மின்டாட் போய்வந்தவர்:

பர்மாவின் மேற்கே சின் மலையில் சரக்கு கொடுக்கப் போனபோது முகம் முழுக்கக் குத்திய ஒரு பாட்டி வீட்டில் தங்கினேன். கன்னத்தில் வளைவு வளைவாக, நெற்றியிலிருந்து கழுத்து வரை. 1960களில் அரசு தடுத்ததால் அவர்கள் வயசுக்காரர்களோடு அது போகிறது. அழகான பெண்களை ராஜா தூக்கிப்போகாமலிருக்க முகத்தைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று கைடு கதை சொன்னான். பாட்டியிடம் கேட்டேன். "கெடுத்ததா? இது இல்லாவிட்டால் என்னை எவன் கட்டியிருப்பான்?" இமைதான் அதிகம் வலித்ததாம்.

ரங்கூன் பெரியவர்:

எல்லோருக்கும் நன்றி. அத்தனையையும் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். தடுப்பூசிக்குச் சரி என்றான். அவன் குத்த நினைத்த சிங்கத்தைக் கைவிட்டு, "கொள்ளுப்பாட்டி கையில் இருந்ததையே குத்திக்கொள்கிறேன்" என்கிறான். இதில் இரண்டு சிக்கல். அம்மாவின் கை தெரியும் போட்டோ ஒன்றுகூட இல்லை. கோலத்துக்கு ஏழு புள்ளி என்கிறேன் நான். ஐந்து என்று என் அக்கா போனில் சண்டை போடுகிறாள். பில் புத்தகத்தின் பின்பக்கம் முழுக்கப் புள்ளி வைத்துப் பார்த்தாயிற்று.

இரண்டாவது, கோலத்தின்கீழ் இருந்த பெயர். என் அப்பா பெயரைத்தான் இவனுக்கும் வைத்திருக்கிறோம். அதனாலேயே அம்மா கடைசிவரை இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, "ஏய் சின்னவனே"தான். இப்போது இவன் அதைக் குத்திக்கொண்டால், தன் பெயரைத் தானே கையில் எழுதிக்கொண்டு திரியும் பையன் என்றுதானே ஊர் சிரிக்கும்? இதைச் சொன்னால், "மறந்துபோனால் பார்த்துக்கொள்கிறேன் தாத்தா" என்கிறான்.