மறுமொழி: ஷூட் எம் அப், புல்லட் ஹெல், ஹிட்பாக்ஸ் – கலைச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். ஷூட் எம் அப், புல்லட் ஹெல், ஹிட்பாக்ஸ் ஆகிய வீடியோ கேம் சொற்களுக்குத் தமிழ் கேட்ட இழைக்கு என் பதில் இது.

> ஷூட் எம் அப் என்பதற்குச் ‘சுடுவிளையாட்டு’ போதாதா?

போதாது ஐயா. சுடுவிளையாட்டு என்றால் பெரியவர்களுக்கு ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதல்; பிள்ளைகளுக்குப் பப்ஜி. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. ஒரு சின்ன விமானம், கூட்டங்கூட்டமாக எதிரிகள், நகர ஒரு குச்சி, சுட ஒரு பொத்தான். ‘சுட்டுத்தள்ளு ஆட்டம்’ என்பது என் பரிந்துரை. பேச்சில் ஏற்கெனவே உள்ள வினைதான். சேர்த்து எழுதினால் ‘தள்ளாட்டம்’ காதில் விழும், பிரித்தே எழுதுவோம்.

இந்த வகையின் ஈர்ப்பு முழுக்க 1978-இல் ஜப்பானிய நிறுவனமான டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸிலேயே இருக்கிறது. வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, ஆக 55 எதிரிகள். சுடச்சுட மிஞ்சியவை வேகமெடுக்கும். வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறையச் ஆட்டப்பொறியின் செயலிக்குப் (புராசசருக்கு) பளு குறைந்ததால் வந்த வேகம் அது. வடிவமைத்த தோமோஹிரோ நிஷிகாதோ அதை மாற்றாமல் விட்டுவிட்டார். கடைசி எதிரி திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரையும்போது கை வேர்க்கும். கதையே இல்லாத ஆட்டத்தில் இந்தப் பதற்றம் எனக்கு இன்றும் வியப்புதான்.

> புல்லட் ஹெல் – குண்டு நரகம்

இது ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சொல்லை உடுத்தியது. புல்லட் ஹெல் என்பது எதிரிகளின் குண்டுகள் திரையை நிறைக்க, இடையே புகுந்து பிழைக்கும் சுட்டுத்தள்ளு ஆட்டம். டோப்ளான் நிறுவனத்தின் பாட்சுகன் (1993), கேவ் நிறுவனத்தின் டோடொன்பாச்சி (1997) போன்றவற்றை ஜப்பானியர் ‘டான்மாகு’ என்கிறார்கள். குண்டுத்திரை என்று பொருள். நம்மிடம் ‘சரமாரி’ இருக்கிறதே! ‘சரமாரியாகச் சுட்டனர்’ என்று நாளிதழ்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கின்றன. ‘சரமாரி ஆட்டம்’ என்றால் விளக்கவே வேண்டாம். சரம் வடசொல் என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான். ‘கணைமாரி’ தூயது, ஆனால் அதை யார் வாயில் கேட்டிருக்கிறோம்?

ஹிட்பாக்ஸ் என்பது குண்டு பட்டால் அடியாகக் கணக்காகும் பகுதி. அதற்கு வந்த ‘மோதுபெட்டி’யை நான் ஏற்கவில்லை. குண்டு மோதுகிறது என்று நாம் சொல்வதில்லை, படுகிறது என்போம். ஆகவே ‘படுபரப்பு’. டோடொன்பாச்சியில் விமானத்தின் உருவம் பெரிது, அதன் படுபரப்போ நடுவில் உள்ள சின்னஞ்சிறு பகுதி. இறக்கையை உரசிக்கொண்டு குண்டு போகும், விமானம் சாகாது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் லேசர் பாயும், விமானம் மெதுவாகும். அந்த மெதுவான நகர்வில்தான் இரண்டு குண்டு வரிசைகளுக்கு நடுவே நுழைய முடியும். திரை முழுக்கக் குண்டாக இருந்தும் பிழைக்க வழி இருப்பது இந்தப் பரப்பு சிறிதாக இருப்பதால்தான். எதிரிக்கோ படுபரப்பு பெரிது. இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது.

குறையையும் சொல்ல வேண்டும். குண்டுகள் வரும் ஒழுங்கு பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதேதான். மனப்பாடமானபின் மிஞ்சுவது புள்ளிகள். புள்ளி வேட்டையில் நாட்டமில்லாதவருக்கு ஆட்டம் அங்கேயே தீர்ந்துவிடும். விலை குறைவு என்பதால் இந்தக் குறையை மன்னிக்கிறோம். முழு விலைக்கு விற்றால் மன்னிப்போமா என்பது ஐயமே.

> வேம்பயர் சர்வைவர்ஸ் இதில் சேருமா?

சேர்க்க வேண்டாம் என்பேன். 2021 டிசம்பரில் மூன்று டாலருக்கும் குறைவாக முன்னோட்டப் பதிப்பாக வந்து, 2023-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதை வென்றது. நான் விரும்பி ஆடுவதும்கூட. ஆனால் அதில் சுடும் பொத்தானே கிடையாது, நகர்வது மட்டும்தான் நம் வேலை. தொடக்கத்தில் நழுவி நழுவிப் பிழைக்கிறோம். ஆயுதங்கள் முற்றியபின் சும்மா நின்றாலே எதிரிகள் உதிர்கிறார்கள். சரமாரி நம்மிடமிருந்து போகிறது, நம்மை நோக்கி வருவதில்லை. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

மறுப்பு இல்லையேல் சுட்டுத்தள்ளு ஆட்டம், சரமாரி ஆட்டம், படுபரப்பு மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாமா? நிரல் எழுதும் நண்பர்கள் ‘படுபரப்பு’ பற்றி மட்டுமாவது கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்