ராஸ்பெர்ரி பையில் நீங்கள் திரும்பத் திரும்பப் போடும் பழைய கேம் எது?

குட்டிப்பெட்டி:

வணக்கம். சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினியில் (2 ஜிபி), பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை ஏற்றி டிவியோடு இணைத்திருக்கிறேன். யுஎஸ்பி கேம்பேட் இரண்டு உண்டு. எல்லாம் ஓடுகிறது, ஆனால் எதைத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. "சிறந்த நூறு கேம்கள்" வகைப் பட்டியல்கள் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றில் பாதி, நாற்பது மணி நேரம் கேட்கும் ஆர்பிஜி என்ற நீண்ட கதை கேம்கள். எனக்குக் கிடைப்பது வேலை முடிந்து அரை மணி நேரம். பக்கத்தில் பத்து வயது அக்கா மகன் இருப்பான், அவன் கையிலும் ஒரு கேம்பேட் இருக்கும்.

அதனால் பட்டியல் வேண்டாம். நீங்கள் உண்மையிலேயே மறுபடி மறுபடி போடுவது எது, ஏன் என்று சொல்லுங்கள் போதும்.

இன்னொரு தொல்லை. மாரியோவில் பொத்தானை அழுத்தினால், அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறார். பை 4-க்கு அவ்வளவுதான் தெம்பா? பை 5 வாங்க வேண்டுமா? ரோம் (கேம் கோப்பு) எங்கே கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

பழையபொத்தான்:

பை 5 வாங்காதீர்கள். நிண்டெண்டோவின் பழைய கேம் பெட்டியான என்இஎஸ்ஸின் செயலி வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். உங்கள் பையில் 1.5 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர்கள் இருக்கின்றன. மாரியோவை ஓட்ட அதற்கு மூச்சு வாங்காது. தாமதம் பெரும்பாலும் டிவியிலிருந்துதான் வருகிறது. டிவி படத்தை அழகுபடுத்துகிறேன் என்று ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்தையும், கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். டிவி அமைப்பில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், முதலில் அதைப் போடுங்கள். அதன்பிறகும் உறுத்தினால் வாருங்கள், அடுத்த வழி இருக்கிறது.

இனி கேம்கள். நான் ஆயிரக்கணக்கில் ரோம் அடுக்கி வைப்பவன் இல்லை. பட்டியல் நீண்டால் அரை மணி நேரமும் அதை உருட்டுவதிலேயே போய்விடும். என் எஸ்டி கார்டில் இருப்பதை ஒரே திரையில் பார்த்துவிடலாம். ஒரு கேம் அங்கே இடம்பிடிக்க நான் பார்ப்பது இரண்டு விஷயம். உட்கார்ந்த நேரத்துக்குள் ஏதாவது ஒன்று முடிய வேண்டும். அப்புறம், பையில் அது அசல் இயந்திரத்தில் ஓடியது போலவே ஓட வேண்டும். "ஓரளவு ஓடும்" என்றால் எனக்கு வேண்டாம். இந்த இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் எட்டு பிட், பதினாறு பிட் காலத்தில்தான் (என்இஎஸ், அதற்கு அடுத்து வந்த எஸ்என்இஎஸ் போன்றவை) வந்து நிற்போம்.

உங்கள் நிலைமைக்கு முதலில் கர்பி சூப்பர் ஸ்டார் (எஸ்என்இஎஸ், 1996). அது ஒரே கேம் இல்லை, சின்னச் சின்ன கேம்களின் தொகுப்பு. முதலாவதான ஸ்பிரிங் பிரீஸ் அரை மணிக்குள் முடிந்துவிடும். கர்பி எதிரியை விழுங்கி அதன் திறமையை எடுத்துக்கொள்வான், அந்தத் திறமையை வெளியே விட்டால் அது துணையாளாக மாறி இரண்டாவது கேம்பேடுக்குப் போய்விடும். துணையாள் செத்தாலும் ஆட்டம் நிற்காது, இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளலாம். பத்து வயதுக்காரன் பக்கத்தில் இருக்கும்போது இதன் அருமை தெரியும். இந்தக் கேட்ரிட்ஜுக்குள் எஸ்ஏ-1 என்ற கூடுதல் செயலி உண்டு, ஆகவே எஸ்என்இஎஸ்9எக்ஸ் கோரின் (எஸ்என்இஎஸ்ஸைப் பாவனை செய்யும் எமுலேட்டர் நிரல்) பழைய இலகுப் பதிப்புகளை விட்டுவிட்டுப் புதியதையே தேர்ந்தெடுங்கள். பை 4 தாங்கும்.

சூப்பர் மாரியோ வேர்ல்ட் (1990) எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் தனியாக இருக்கும்போது. இருவர் ஆடினால் மாறி மாறித்தான் ஆட முடியும், ஒருவன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தனி ஆளுக்கு அது தீராத கேம். மொத்தம் 96 வெளியேறும் வழிகள். ஒரு கட்டத்தை முடித்துவிட்டோம் என்று நினைத்தால், வரைபடத்தில் அந்தப் புள்ளி சிவப்பாக இருக்கும். இன்னொரு வழி எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அரை மணிக்கு ஒரு சிவப்புப் புள்ளி சரியான அளவு.

இருவரும் சேர்ந்து சுட வேண்டும் என்றால் என்இஎஸ் காண்ட்ரா (1988). ஒரு குண்டு பட்டால் செத்தோம், மூன்று உயிர்தான். தலைப்புத் திரையில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். இருவர் ஆட்டம் என்றால் அதற்குப் பிறகு ஒருமுறை செலக்ட், அப்புறம் ஸ்டார்ட். காண்ட்ராவைச் செய்த கொனாமி இந்த வரிசையை முதலில் வைத்தது கிராடியஸில் (1986), ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்தது காண்ட்ராவால்தான். மூன்றாவது கட்டமான அருவியில் மட்டும் கவனம். ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரையும் மேலே போகும், கீழே நிற்பவர் செத்துவிடுவார். உறவு கெடும் கட்டம் அது. ஐரோப்பியப் பதிப்பில் மனிதர்களுக்குப் பதில் ரோபோக்கள், பெயரும் புரோபோடெக்டர். அது 50 ஹெர்ட்ஸுக்கானது (விநாடிக்கு 50 படம்) என்பதால் நான் தொடுவதில்லை. பொதுவாகவே 60 ஹெர்ட்ஸ் அமெரிக்க, ஜப்பான் பதிப்புகளையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் சோனிக்கை (1991) 50 ஹெர்ட்ஸில் பார்த்தால் தூக்கக் கலக்கத்தில் ஓடுவது போல இருக்கும்.

தனியாக, அமைதியாக, இரவில் என்றால் சூப்பர் மெட்ராய்டு (1994). இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். சுவரில் உதைத்து மேலே ஏறுவது எப்படி என்று இந்த கேம் எங்கேயும் எழுத்தில் சொல்லாது. ஆழமான ஒரு குழிக்குள் விழுவீர்கள். அங்கே மூன்று குட்டிப் பிராணிகள் சுவருக்குச் சுவர் தாவி ஏறிக் காட்டும். நீங்கள் அதைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான். வேறோர் இடத்தில் நெருப்புக்கோழி மாதிரி ஒரு பறவை ஓடிவந்து, குனிந்து, செங்குத்தாகப் பாய்ந்து காட்டும். அதுவும் பாடம்தான். பெரிய எதிரியிடம் தோற்றபோது எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது, அந்தக் குழியில் மாட்டிக்கொண்டபோது வரவே இல்லை. இதில் மட்டும் சேவ் ஸ்டேட் வேண்டாம் என்பது என் பிடிவாதம். ஒரு சேவ் அறைக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் பயம்தான் அந்த ஆட்டம். எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம் என்றால் வெறும் சுரங்கம் மிஞ்சும்.

மெகா மேன் 2 (1988), அட்வான்ஸ் வார்ஸ் (கேம்பாய் அட்வான்ஸ் கையடக்கப் பெட்டி, 2001) இரண்டும் என் கார்டில் நிரந்தரம். முதலாவதில் எட்டு எதிரிகளை எந்த வரிசையிலும் எடுக்கலாம், ஒரு கட்டம் சில நிமிடம்தான். இரண்டாவது முறைவைத்து நகர்த்தும் போர் ஆட்டம், டிவி தாமதம் அதை ஒன்றும் செய்யாது.

சுட்டிவிரல்:

எல்லாரும் குதிக்கிற கேமையே சொல்கிறீர்களே! யுஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகி, பழைய மவுஸ் கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் போட்டுப் பாருங்கள். எமுலேட்டர்கள் போல அது பழைய கணினியைப் பாவனை செய்வதில்லை, கேமின் எஞ்சினையே புதிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் சின்னப் பைகூடச் சிரமப்படாது. தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட் (1990) என் விருப்பம். வாள்சண்டையில் கையைவிட வாய்தான் ஜெயிக்கும். எதிரி திட்டினால் அதற்குப் பொருத்தமான பதில் திட்டு உங்களிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோற்று, அவனிடமிருந்து கற்றுக்கொண்டு, அடுத்தவனிடம் போய்ப் பயன்படுத்த வேண்டும்.

ரோம் பேச்சு வேண்டாம் என்றீர்கள். பினீத் எ ஸ்டீல் ஸ்கை (1994) 2003-இலிருந்து சட்டப்படியே இலவசம், ஸ்கம்விஎம் தளத்திலேயே இருக்கிறது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாணயத்துளை:

ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திரம்) பக்கத்திலிருந்து ஒரே ஒரு பெயர்: பபிள் பாபிள் (டைட்டோ, 1986). இரண்டு குட்டி டைனோசர்கள் குமிழி ஊதி எதிரிகளை அடைத்து உடைக்கும். மொத்தம் நூறு சுற்று. தனியாகப் போய் நூறாவதை முடித்தால், நண்பனை அழைத்துக்கொண்டு திரும்பி வா என்று அனுப்பிவிடும். உங்களுக்கும் மருமகனுக்கும் இதைவிடப் பொருத்தமான கேம் எனக்குத் தெரியவில்லை.

ஆர்கேட் ரோம் திறக்காவிட்டால் கேம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆர்கேட் கேம்களை ஓட்டும் மேம் 2003 கோர், 0.78 பதிப்பு ரோம் தொகுப்பைத்தான் எதிர்பார்க்கும். வேறு பதிப்பின் கோப்பைக் கொடுத்தால் பல கேம்கள் கறுப்புத் திரையோடு திரும்பிவிடும். கோரும் தொகுப்பும் ஒரே பதிப்பா என்று முதலில் பாருங்கள்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978) ஒருமுறையாவது ஓட்டுங்கள். எதிரிகள் குறையக் குறைய மீதி வேகமாக நகரும். வரைய வேண்டியது குறைந்ததால் அந்தக் காலத்துச் செயலிக்குச் சுமை குறைந்தது, அவ்வளவுதான் காரணம். அந்தப் பலவீனத்தையே ஆட்டத்தின் பதற்றமாக்கி விட்டுவிட்டார்கள்.

குட்டிப்பெட்டி:

கேம் மோட் போட்டதும் பெரிய வித்தியாசம், நன்றி! கர்பி ஏற்றினேன். இப்போது முதல் கேம்பேடு என் கையில் இல்லை, நான்தான் துணையாள். மாரியோவில் இன்னும் துளியளவு தாமதம் இருக்கிறது. அந்த "அடுத்த வழி" என்ன? அப்புறம் நிண்டெண்டோ 64 பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லையே, கோல்டன்ஐ ஓடுமா? வாத்து சுடும் டக் ஹண்டை அதன் துப்பாக்கியையோ வேறு எதையாவதையோ வைத்து ஆட முடியுமா? கடைசியாக ஒரு புகார்: மாரியோ வேர்ல்டில் சேமித்தது நேற்று காணாமல் போய்விட்டது. கேமுக்குள்ளேதான் சேமித்தேன்.

பழையபொத்தான்:

துப்பாக்கிக்குப் பதில் சுருக்கம்: அசல் துப்பாக்கி எல்சிடியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும், துப்பாக்கி அந்த வெளிச்சத்தைத் தேடும். பழைய குழாய் டிவியின் நேரக்கணக்கை நம்பிச் செய்தது அது. மவுஸால் சுடலாம், ஆனால் சுவாரசியம் இல்லை.

நிண்டெண்டோ 64: பை 4-இல் சில கேம்கள் நன்றாக ஓடும், சில படம் சிதறும், சில திணறும். கோல்டன்ஐ (1997) ஓடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த "ஓடுகிறது" போதாது. அந்த கேம்பேடில் மஞ்சள் நிறத்தில் நான்கு சி பொத்தான்கள் வேறு இருந்தன, அவற்றை உங்கள் யுஎஸ்பி கேம்பேடில் எங்கே வைப்பது என்பதே தனிப் புதிர். சோதித்துப் பார்க்க ஆசை என்றால் பாருங்கள், அரை மணி நேரம் அமைப்புத் திரையிலேயே கழியும்.

தாமதம்: ஆட்டத்தின் நடுவே செலக்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் ரெட்ரோஆர்ச் (கோர்களை இயக்கும் நிரல்) மெனு வரும். அதில் லேட்டன்சி பகுதியில் ரன்-அஹெட் இருக்கிறது. அது திரைக்குப் பின்னால் கேமை ஒரு ஃபிரேம் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, அதன் முடிவை உங்களுக்குக் காட்டிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16 மில்லி விநாடி. 1 என்று தொடங்குங்கள். கேமே சில ஃபிரேம் தாமதமாகத்தான் பதில் சொல்லும், அந்த அளவை மட்டுமே ரன்-அஹெட்டால் விழுங்க முடியும். அதைத் தாண்டி வைத்தால் மாரியோ குதிக்கும் அசைவின் முதல் துண்டு காணாமல் போய், படம் துள்ளும். துள்ளினால் ஒன்று குறையுங்கள். கர்பிக்கு இதைப் போடாதீர்கள், ஒவ்வொரு ஃபிரேமும் இரட்டை வேலை ஆகிவிடும், அங்கே அது தேவையும் இல்லை.

சேமித்தது போனதற்குக் காரணம் ஊகிக்க முடிகிறது: மெயின் சுவிட்சை அணைத்தீர்களா? கேமுக்குள் சேமிக்கும்போது அது எமுலேட்டரின் நினைவகத்தில்தான் எழுதப்படுகிறது. ரெட்ரோஆர்ச் அதைக் கார்டில் கோப்பாக எழுதுவது, வழக்கமாக நீங்கள் கேமைவிட்டு வெளியே வரும்போதுதான். செலக்ட்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்தி வெளியேறி, ரெட்ரோபை மெனுவிலிருந்து ஷட் டவுன் செய்தபின் மின்சாரத்தை எடுங்கள். எஸ்டி கார்டும் பிழைக்கும். மருமகன் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டான் என்றால், சேவிங் பகுதியில் சேவ்ரேம் ஆட்டோசேவ் இடைவெளியை 10 விநாடியாக வைத்துவிடுங்கள்.