ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு வட்டி 35 ரூபாயா, 1,914 ரூபாயா?

கணக்குப்பிள்ளை:
"கிரெடிட் கார்டு பில்லை முழுவதும் கட்டாதீர்கள். ஆயிரம் ரூபாய் பாக்கி வையுங்கள், அப்போதுதான் கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் ஏறும். வட்டி வெறும் 35 ரூபாய்தான்." நேற்று இன்னொரு இழையில் கொங்குவேங்கை அருளியது இது. அதன் கீழே "நன்றி அண்ணா" என்று ஒரு வரிசையே நிற்கிறது. அடுத்த மாதம் பில் வரும்போது இவர்கள் யாரைத் திட்டுவார்கள்? வங்கியைத்தான்.

கணக்கைப் பாருங்கள். ஜூன் 5 அன்று 40,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறீர்கள். ஜூன் 20 பில். கடைசித் தேதி ஜூலை 10. அன்றைக்கு 39,000 கட்டிவிட்டு ஆயிரத்தை விட்டுவைக்கிறீர்கள். மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. வட்டி ஆயிரத்துக்கு மட்டும் அல்ல. பொருள் வாங்கிய நாளிலிருந்து பணம் கட்டிய நாள் வரை, 35 நாளுக்கு, முழு நாற்பதாயிரத்துக்கும் வட்டி: 1,611 ரூபாய். அதன்பின் அடுத்த பில் வரை அந்த ஆயிரத்துக்குப் பதினொன்றரை ரூபாய். மொத்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 292. ஆக 1,914. பாக்கியைவிட வட்டி பெரியது.

கொங்குவேங்கை:
ஐயா வந்துவிட்டார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கல்லாப்பெட்டியை விட்டு இறங்க மனம் வரவில்லை போலிருக்கிறது. ஆயிரத்துக்கு 3.5 சதவீதம் எவ்வளவு? 35. மூன்றாம் வகுப்புக் கணக்கு. கட்டிவிட்ட பணத்துக்கு எவனாவது வட்டி கேட்பானா? ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதியைப் படியுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு நிற்கும் பாக்கிக்குத்தான் வசூலிக்க வேண்டும், மொத்த பில் தொகைக்கு அல்ல என்று தெளிவாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அந்த வரி தாமதக் கட்டணத்தைப் பற்றியது. வட்டியைப் பற்றியது அல்ல. அதுவும் கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம். நான் சொன்ன கணக்கில் தாமதக் கட்டணமே கிடையாது, பில்லில் கேட்கிற குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டியாகிவிட்டது. நான் சொல்வது வட்டி. வட்டி. வட்டி. முந்தைய பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாச் சலுகை நாட்கள் நிறுத்தப்படும் என்பதும் விதியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வேங்கை கடித்துத் தின்றுவிட்டதா?

கொங்குவேங்கை:
35.

நெல்லைச்செல்வி:
வேங்கை அண்ணா, எனக்கு இது நடந்தது. இணையத்தில் வாங்கிய சேலையைத் திருப்பி அனுப்பினேன். பணம் எப்படியும் வந்துவிடும் என்று அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினேன். அது கடைசித் தேதிக்குள் கணக்கில் ஏறவில்லை. அடுத்த பில்லில் மாதம் முழுக்க வாங்கியதற்கெல்லாம் வட்டி. கடைசித் தேதிக்குப் பிறகு வாங்கிய பால், காய்கறிக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியிருந்தது. தொலைபேசியில் கேட்டால் "நிபந்தனையில் இருக்கிறது மேடம்" என்றார்கள்.

கொங்குவேங்கை:
தங்கையே, அது உங்கள் வங்கி ஏமாற்றியது. புகார் கொடுத்திருந்தால் திருப்பியிருப்பார்கள். நான் நான்கு கார்டு வைத்திருக்கிறேன், என்னிடம் ஒருவனும் வாலாட்டியது இல்லை.

நெல்லைச்செல்வி:
புகார் கொடுத்த பிறகுதான் இப்படிச் சொன்னார்கள். நான் எழுதியதைப் படித்தீர்களா, இல்லையா?

மலைக்கோட்டை:
35 ஒரு தரம், 1,914 ஒரு தரம். நடுவில் யாராவது 500 என்று கேட்டால் சமாதானமாகப் போய்விடலாம்.

வைகைக்கரை:
இரண்டு பேருக்கும் சட்டம் தெரியவில்லை. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 42 சதவீதம் கேட்டால் கட்டாதீர்கள், வழக்குப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. செய்தித்தாள் படிக்கிற பழக்கம் உண்டா? "கட்டாதீர்கள்" என்கிற யோசனையை நம்பி நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டு நிற்பவனுக்கு வைகைக்கரை ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா?

சிபில் கதைக்கும் வருகிறேன். பாக்கி வைத்தால் மதிப்பெண் ஏறும் என்பது முழுப் பொய். ஒழுங்காகக் கட்டுகிறோமா, வரம்பில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறோம் என்று பார்ப்பார்கள். ஒரு லட்சம் வரம்பு என்றால் முப்பதாயிரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான். முழுவதும் கட்டியவனுக்கு மதிப்பெண் குறையாது. கார்டில் ரொக்கம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனிக் கட்டணம் வேறு. ஐம்பது நாள் சலுகையெல்லாம் அங்கே கிடையாது.

வைகைக்கரை:
செய்தித்தாள் படிக்கிறேன் ஐயா. ஏழையை வதைக்கிற தீர்ப்புகளை மனப்பாடம் செய்வதில்லை.

அடையாறுவாசி:
இவ்வளவு சண்டை எதற்கு? கார்டை இரண்டாக வெட்டிப் போடுங்கள். டெபிட் கார்டு போதும், அதுதான் பாதுகாப்பு. கிரெடிட் கார்டைத் திருடினால் லட்சக்கணக்கில் போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
தலைகீழ். டெபிட் கார்டில் திருட்டுப் போனால் போவது உங்கள் சேமிப்பு. கிரெடிட் கார்டில் அந்தப் பதிவை மறுத்து வங்கியோடு வாதாடும்போது உங்கள் கணக்கில் பணம் அப்படியே இருக்கும். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி போட்டிருக்கிறது. ஓடிபியை நீங்களே வாய்விட்டுச் சொன்னால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும்வரை போனதெல்லாம் உங்கள் தலையில். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் உடனே அழையுங்கள். வெட்டினால் மட்டும் கார்டு முடிந்துவிடாது, வங்கியிடம் கோரிக்கை கொடுத்து மூடவேண்டும். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூடாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும்.

அடையாறுவாசி:
தட்டினாலே பணம் போகிற கார்டைப் பற்றிச் சொல்லவே இல்லையே? பஸ்ஸில் உரசினால் போதுமாம், பணம் போய்விடுமாம்.

நெல்லைச்செல்வி:
5,000 ரூபாய் வரைதான் பின் எண் கேட்காது. செயலியில் அந்த வசதியை நிறுத்தியும் வைக்கலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அப்படியே நிறுத்தலாம். நான் இரண்டையும் நிறுத்தியிருக்கிறேன்.

அடையாறுவாசி:
செயலியே ஆபத்து என்கிறேன் நான்.

கொங்குவேங்கை:
பேச்சை மாற்றவேண்டாம். 35 ரூபாய்க்கு ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை. நகைச்சீட்டு விவாதத்திலும் இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதி, கேள்வி கேட்டவர்களை ஓட்டினார். பதவியில் இருந்தபோது கடன் கேட்டு வந்தவர்களிடம் காப்பீட்டையும் கார்டையும் சேர்த்துத் தலையில் கட்டியது இதே கூட்டம்தான். இப்போது உபதேசம்.

கணக்குப்பிள்ளை:
நகைச்சீட்டில் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று நீங்கள் எழுதியது இன்னும் அங்கேயே இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள். நான் யார் தலையிலும் கார்டு கட்டவில்லை. இருந்த காலமெல்லாம் கிராமக் கிளை, பயிர்க்கடன் கொடுத்தவன் நான்.

35க்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கார்டோடு வந்த நிபந்தனைத் தாளில் வட்டி எப்படிப் போடுவார்கள் என்று உதாரணக் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று பில்லிலும் எச்சரிக்கை இருக்கும். நீங்கள் பாக்கி வைத்த மாதத்துக்கு அடுத்த மாத பில்லை இங்கே படமாகப் போடுங்கள். வட்டி என்கிற வரியில் 35 இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்துவிடுவோம்.

கொங்குவேங்கை:
பில்லை ஊருக்கே காட்டச் சொல்கிறார். இவர்தான் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்கிறார்!

கணக்குப்பிள்ளை:
பெயரையும் எண்ணையும் கையால் மறைத்துக்கொண்டு எடுங்கள். வட்டி என்று போட்டிருக்கும் வரி மட்டும் தெரிந்தால் போதும்.

கொங்குவேங்கை:
என் பில்லை நான் எதற்குக் காட்டவேண்டும்? முதலில் உங்கள் பில்லைக் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
என் பில்லில் வட்டி என்கிற வரியில் எப்போதும் சுழியம்தான். முழுவதும் கட்டுகிறவன்.

கொங்குவேங்கை:
அப்படியென்றால் வட்டியே கட்டாதவர் வட்டியைப் பற்றிப் பேசுகிறார். 35தான்.

மலைக்கோட்டை:
நெல்லைச்செல்வி, அந்தச் சேலைக்குப் பணம் கடைசியில் வந்ததா?

நெல்லைச்செல்வி:
வந்தது. போட்ட வட்டியை மட்டும் எடுக்கவில்லை.

வைகைக்கரை:
உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். தைரியம் இருந்தால் கணக்குப்பிள்ளை அங்கே வரட்டும்.

கணக்குப்பிள்ளை:
வருகிறேன். அதற்குள் வேங்கை பில்லைப் போடட்டும்.