நர்சிங் சேர்க்கை: ஹெபடைடிஸ் பி-க்கு எந்த டெஸ்ட்?

ராயபுரம்வாசி:
தங்கச்சிக்கு நர்சிங் சீட் கிடைச்சிருக்கு. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்குற வைரஸ் தொற்று) ஊசி 3 டோஸ், கூடவே ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் கேக்குறாங்க. 2 டோஸ் போட்டு ஒரு வருஷம் ஓடிப்போச்சு. முதல்லேர்ந்து போடணுமா?

ஊசி அட்டை:
வேணாம். 0, 1, 6 மாசம்னு கணக்கு. தவறினா விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். மூணாவதை இப்பவே போட்டுடுங்க. பெரியவங்களுக்குப் பொதுவா 1 மில்லி, அதாவது 20 மைக்ரோகிராம், மேல்கைத் தசையில. இடுப்புல போடச் சொல்லாதீங்க, மருந்து கொழுப்புல தங்கிட்டா எதிர்ப்புசக்தி சரியா ஏறாது. அட்டையில தேதி, பேட்ச் நம்பர், சீல் மூணும் இருக்கணும்.

லேப் பக்கம்:
டெஸ்ட்லதான் நிறைய பேர் கோட்டை விடுறது. கவுண்டர்ல சும்மா "ஹெபடைடிஸ் பி டெஸ்ட்"னு சொன்னா ஹெச்பிஎஸ்ஏஜி எடுத்துடுவாங்க. அது கிருமி இருக்கான்னு பாக்குறது. ஊசி போட்ட கொஞ்ச நாளுக்குள்ள எடுத்தா, தொற்றே இல்லாம பாசிட்டிவ் காட்டி வயித்துல புளியைக் கரைக்கும். 18 நாள் வரைக்கும்கூட அப்படி வரலாம். நீங்க கேக்க வேண்டியது ஆன்டி-ஹெச்பிஎஸ் டைட்டர், அதாவது ஊசியால எதிர்ப்புசக்தி எவ்வளவு ஏறியிருக்குன்னு அளக்குறது; ரிப்போர்ட்ல எண்ணோட வரணும். மூணாவது ஊசிக்கு 1-2 மாசம் கழிச்சு எடுங்க. 10 mIU/mL அல்லது மேல இருந்தா போதும். காலேஜ் ரெண்டையும் கேக்குதான்னு படிவத்தைப் பாத்துக்கோங்க.

ராயபுரம்வாசி:
10-க்குக் கீழ வந்தா?

ஊசி அட்டை:
இன்னொரு டோஸ், 1-2 மாசத்துல மறு டெஸ்ட். அப்பவும் ஏறலைன்னா பாக்கி ரெண்டு டோஸ். மொத்தம் ஆறுக்கும் ஏறலைன்னா தொற்று ஏற்கெனவே இருக்கான்னு டாக்டர் பாப்பார். தொற்று இல்லைன்னா, வார்டுல நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திக்கிட்டா 24 மணி நேரத்துக்குள்ள இம்யூனோகுளோபுலின் (ரெடிமேட் எதிர்ப்புசக்தி ஊசி) தேவைப்படலாம். ரிப்போர்ட் காப்பியை பத்திரமா வைங்க.