மின்மருந்துச்சீட்டா, மருந்தேடா?

> முதியோர் இல்லங்களில் கணினி வழியே மருந்து எழுதும் முறைக்கு 'மின்மருந்துச்சீட்டு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

படித்ததும் 'மின்மருந்து' எழுதிய சீட்டு என்றுதான் எனக்குப் பொருள்பட்டது. அதைவிடப் பெரிய குறை 'சீட்டு'. சீட்டின் வேலை மருந்துக் கடையோடு முடிந்துவிடும்; இல்லத்தில் வேலையே அதற்குப் பிறகுதான்.

தண்டையார்பேட்டையில் முதியோர் இல்லம் ஒன்றில் மருந்துப் பொறுப்பைப் பார்க்கிறேன். எங்களிடம் இருப்பது கோடு போட்ட நீள நோட்டு. காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். மாத்திரை கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். சென்ற ஆண்டு பெரியவர் ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பினார். புதுச் சீட்டில் இருந்த இரத்த அழுத்த மாத்திரையும் அவர் முன்பே போட்டுவந்ததும் ஒரே அம்லோடிபின். கம்பெனிப் பெயர்தான் வேறு. நான்கு நாள் இரண்டையும் கொடுத்துவிட்டோம். கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நோட்டில் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரம்பியிருந்தன! மருந்துகளைப் பொதுப்பெயரில் (கம்பெனிப் பெயரல்ல, அம்லோடிபின் போன்ற மருந்தின் பெயர்) தெளிவாக எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதியைத் திருத்தியது. அந்தப் பொதுப்பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி முறை இருந்திருந்தால் முதல் வேளையே எச்சரித்திருக்கும்.

மருத்துவர் எழுதுவது, மருந்தாளுநர் சரிபார்ப்பது, செவிலியர் கொடுத்ததைக் குறிப்பது மூன்றும் ஓரிடத்தில் சேர்வதுதான் இம்முறையின் உயிர். ஆகவே 'மருந்தேடு' என்கிறேன். பதிவேடு, நாளேடு, கையேடு வரிசையில் இயல்பாக உட்காருகிறது. நோட்டிலிருந்து வேறுபடுத்த 'மின் மருந்தேடு'. எழுதும் செயலுக்குத் தனிச்சொல் வேண்டாம். 'மருந்தேட்டில் ஏற்றுதல்' போதும். 'மருந்தெடு' என்று காதில் விழாதா என்று எங்கள் செவிலியர் ஒருவரே கேட்டார். 'மருந்தேட்டைப் பாருங்கள்', 'மருந்தேட்டில் இல்லை' என்று சொல்லிப் பார்த்தோம். வேற்றுமை உருபு ஏறியதும் குழப்பம் போய்விடுகிறது.

'நர்சிங் ஹோம்' என்ற ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் அப்படியே விடாதீர்கள். பிரிட்டனில் அது செவிலியர் இருந்து கவனிக்கும் முதியோர் இல்லம். வண்ணாரப்பேட்டையிலோ பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் போகும் சிறு தனியார் மருத்துவமனை. 'செவிலியர் உள்ள முதியோர் இல்லம்' என்று நீட்டியே எழுதலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பாட்டி மாத்திரையைத் துப்பிவிட்டால் அந்தக் கட்டத்தில் என்ன குறிப்பது? 'தவறிய வேளை' என்றால் பழி செவிலியர் மேல் விழுகிறது. நாங்கள் இப்போதைக்கு 'மறுத்தார்' என்று எழுதுகிறோம். தூங்கிவிட்டவருக்கு அது பொருந்தவில்லை.